புது பைக்கா, செகண்ட் ஹேண்டா? செஞ்சி தம்பியோட கணக்கு



என் சித்தி பையன் செஞ்சியில இருக்கான். வேலை திண்டிவனத்துல. போக 28 கிலோமீட்டர், வர 28. செஞ்சிக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறணும்னாலும் திண்டிவனம்தான் போகணும். திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதை வரும், வரும்னு அவன் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கான். பகல் ஷிஃப்ட்டுக்கு பஸ் இருக்கு, பிரச்சனை இல்ல. செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பத்தரைக்கு மேல வீடு வர்றதுதான் பாடு. அதனால பைக் ஆசைக்காக மட்டும் கேக்கல, தேவைக்குத்தான் கேட்டான்.

கைக்கு வர்ற சம்பளம் 22,000. சேமிப்பு 35,000. போன மாசம் வாட்ஸ்அப்புல ரெண்டு போட்டோ அனுப்பினான். முதல் போட்டோ ஷோரூம் கொட்டேஷன்: 125 சிசி பைக், ஆன்ரோடு 1,05,000. முன்பணம் 25,000, மாச டியூ 2,889, 36 மாசம். ரெண்டாவது போட்டோ ஒரு கன்சல்டிங்ல நின்ன அதே மாடல், மூணு வருஷப் பழசு, 60,000 சொல்றாங்க. கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, எது லாபம்?"

ரெண்டுமே லாபம் இல்லடா, எதுல நஷ்டம் கம்மினு கேளுன்னேன். பைக் வாங்குறவங்க எல்லாரும் இந்த இடத்துல இருந்துதான் யோசிக்க ஆரம்பிக்கணும். வண்டி வாங்கின நாள்ல இருந்து விலை இறங்கிக்கிட்டேதான் இருக்கும். அதனால ஷோரூம்ல கட்டுற தொகையை பைக்கோட விலைன்னு நினைக்காதீங்க. வாங்க, வட்டி கட்ட, ரிப்பேர் பார்க்கன்னு உங்க கையை விட்டுப் போனதை எல்லாம் கூட்டுங்க. கடைசியா வித்தப்போ திரும்பி வந்ததைக் கழிங்க. மிச்சம் நிக்கிறதுதான் உங்களுக்கு அந்த பைக்கோட உண்மையான விலை.

தம்பியோட ரெண்டு போட்டோவையும் இந்தக் கணக்குல போட்டுப் பார்த்தோம். பெட்ரோலும் வழக்கமான ஆயில் சர்வீஸும் ரெண்டு வண்டிக்கும் ஒண்ணுதான்ங்கறதால அதை விட்டுட்டேன். மூணு வருஷம் ஓட்டிட்டு விக்கிறதா வச்சுக்கிட்டோம்.

புதுசு, கடன்ல: 25,000 முன்பணம். 2,889 வீதம் 36 மாசம், அதாவது 1,04,000. மொத்தம் 1,29,000. மூணு வருஷம் கழிச்சு அதே கன்சல்டிங் விலை 60,000 கிடைக்குதுன்னு வைங்க. கையை விட்டுப் போனது 69,000.

செகண்ட் ஹேண்ட், ரொக்கமா: வண்டி 60,000. எடுத்த உடனே டயர், பேட்டரி, செயின் ஸ்ப்ராக்கெட்னு 8,000 ஆகும்னு அவனோட மெக்கானிக் சொன்னார். பேர் மாத்த, இன்ஷூரன்ஸுக்கு 3,000. நடுவுல கூடுதல் ரிப்பேருக்கு 6,000. மொத்தம் 77,000. இன்னும் மூணு வருஷம் கழிச்சு, அதாவது ஆறு வருஷ வண்டியா, 38,000-க்கு விக்கலாம். போனது 39,000.

முப்பதாயிரம் வித்தியாசம். "அப்போ செகண்ட் ஹேண்ட்தான்!" அப்படின்னான். நிறைய வீடியோக்களும் இந்த இடத்துலயே முடிஞ்சிடும். இன்னும் ஒரே ஒரு வரி போட்டுப் பாருன்னேன்.

புதுசு, ரொக்கமா: 1,05,000 கொடுத்து வாங்கி 60,000-க்கு விக்கிறோம். போனது 45,000.

இப்போ மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 69,000. 45,000. 39,000. புதுசுங்கறதுக்காக நாம கொடுக்குற விலை வெறும் 6,000. கடன்ங்கறதுக்காகக் கொடுக்குறது 24,000! புதுசா பழசான்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்த பையன், அதைவிட நாலு மடங்கு பெரிய செலவை கவனிக்கவே இல்ல.

நியாயமா இன்னொண்ணையும் சேர்த்துக்கணும். ரொக்கமா புதுசு வாங்கினா 1,05,000 வண்டியில முடங்கும். பழசுன்னா ஆரம்பத்துல 71,000 போதும். மிச்ச 34,000-ஐ ஆறரை சதவீத எஃப்.டி.ல போட்டா மூணு வருஷத்துல சுமார் 7,000 வட்டி வரும். அதையும் சேர்த்தா பழசு 13,000 ரூபாய்க்கு மேல. மாசக் கணக்குல பார்த்தா 360 ரூபாய். வாரண்டி, நிம்மதி, வேற யாரும் ஓட்டி அடிக்காத இன்ஜின் இதுக்கெல்லாம் மாசம் 360 கொடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா 24,000 வட்டிக்கு அப்படி ஒரு சமாதானம் சொல்ல முடியாது.

"வட்டி 10 சதவீதம்தான் சார்"

கொட்டேஷன்ல வட்டி 10 சதவீதம்னு போட்டிருந்தாங்க. பொய் இல்ல. ஆனா அது ஃபிளாட் வட்டி. 80,000 கடனுக்கு வருஷம் 8,000 வீதம் மூணு வருஷத்துக்கு 24,000-ஐ முதல் நாளே கூட்டி, 36-ஆல வகுத்து டியூ போட்டிருக்காங்க. நீங்க மாசா மாசம் அசலைக் குறைச்சுக்கிட்டே வர்றீங்க. கடைசி வருஷத்துல உங்க கையில இருக்கிற கடன் 80,000 இல்ல, அதுல பாதி கூட மிச்சம் இருக்காது. ஆனா வட்டி மட்டும் முழு 80,000-க்கும் ஓடிக்கிட்டே இருக்கு. வீட்டுக்கடன் மாதிரி குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டா இது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி. இதே 80,000, உண்மையாவே குறையுற அசலுக்கு 10 சதவீதம்னா டியூ 2,581, மொத்த வட்டி 13,000-க்குள்ள முடிஞ்சிருக்கும்.

அதனால ஷோரூம்ல கேக்க வேண்டிய கேள்வி "டியூ எவ்வளவு"ன்னு இல்ல. "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா? மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" இந்த ரெண்டும்தான்.

செகண்ட் ஹேண்டுக்கும் கன்சல்டிங்லயே ஃபைனான்ஸ் போட்டுத் தருவாங்க. அங்க வட்டி இன்னும் கூட இருக்கும். 50,000 கடன், ஃபிளாட் 14 சதவீதம், ரெண்டு வருஷம்னு வைங்க. வட்டி 14,000. குறையுற அசல் கணக்குல இது 25 சதவீதத்துக்குப் பக்கம். நம்ம 39,000 இப்போ 53,000 ஆயிடுச்சு. அதாவது கடன்ல வாங்கின பழைய வண்டி, ரொக்கத்துல வாங்கின புது வண்டியை விட விலை கூட. சிக்கனமா இருக்கோம்னு நினைச்சு பழசு எடுக்குற நிறைய பேர் மாட்டிக்கிறது இதுலதான்.

விலை எங்க இறங்குது?

புது வண்டி ஷோரூம் படி இறங்கின உடனே விலை விழுந்திடும்னு சொல்லுவாங்க. ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா பேரம் பேச உதவும். ஆன்ரோடு 1,05,000-ல வண்டியோட விலை ஏறக்குறைய 85,000தான். மிச்சம் 20,000 சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ், அது இதுன்னு ஷோரூம் சேர்க்குற அயிட்டங்கள். தமிழ்நாட்டுல ஒரு லட்சம் வரை விலையுள்ள டூவீலருக்கு 10 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம் ஆயுட்கால வரி. 2023 கடைசியில இருந்து இந்த ரேட். அப்புறம் 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் சேர்த்தே எடுத்தாகணும். இந்த 20,000-ஐ அடுத்து வாங்குறவர் உங்களுக்குத் திருப்பித் தர மாட்டார். ஆனா அவருக்கு அதோட பலன் போய்ச் சேரும். மூணு வருஷ வண்டி வாங்குறவருக்கு ஆயுட்கால வரி ஏற்கனவே கட்டியாச்சு, தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. செகண்ட் ஹேண்டோட நிஜமான லாபம் இதுதான்.

பழைய விலையைப் பேசும்போது இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமா இறங்கிடுச்சு. முன்னாடி 90,000 இருந்த வண்டி, வரி குறைஞ்ச கணக்குல சுமார் 83,000. "நான் 1,12,000 கொடுத்து எடுத்தேன் தம்பி, அதுல பாதி கூட கேக்கலையே"ன்னு விக்கிறவர் சொன்னா, அவர் அன்னிக்கு என்ன கொடுத்தார்ங்கறது உங்களுக்குத் தேவையே இல்ல. இன்னிக்கு அதே மாடல் புதுசு என்ன விலைன்னு ஷோரூம்ல கேட்டுட்டுப் போங்க. அங்க இருந்துதான் பேச்சு ஆரம்பிக்கணும். 350-க்கு மேல உள்ள பெரிய பைக்குகளுக்கு நேர் எதிர். அதுக்கு வரி 31-ல இருந்து 40 சதவீதமா ஏறிடுச்சு. புதுசு விலை ஏறினதால அந்த வகைப் பழைய வண்டிக்காரங்க கொஞ்சம் கெத்தாத்தான் இருப்பாங்க.

பெரிய பைக் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். 2025 ஜூலையில செஞ்சிக்கோட்டை மராத்தியர் கோட்டைகள் பட்டியல்ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. 12 கோட்டைல தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை காலையில ராஜகிரி அடிவாரத்துல சென்னையில இருந்து வந்த பைக்குகள் வரிசையா நிக்கும். அதைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு நம்மாளுக்கும் ரெண்டரை லட்ச ரூபாய் பைக் மேல கண்ணு போயிடுச்சு. செஞ்சில அதை யார்டா ரிப்பேர் பார்ப்பாங்கன்னு கேட்டேன். விழுப்புரம் இல்லன்னா பாண்டி போகணும்னான். ரீசேல் விஷயம் இதுலயே அடங்கிடுச்சு. ஒரு ஊர்ல எந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பாரோ, எந்த வண்டிக்கு காந்தி பஜார் கடையிலயே ஸ்பேர் கிடைக்குமோ, அந்த வண்டிக்குத்தான் விலை நிக்கும். செஞ்சி நெல்லு வியாபார ஊர். கமிட்டிக்கு மூட்டை ஏத்திக்கிட்டு வர்ற டி.வி.எஸ். எக்ஸ்.எல். பழசானாலும் ஆள் தேடி வந்து வாங்குவாங்க. ஸ்ப்ளெண்டர், ஷைன் மாதிரி வண்டிகளும் அப்படித்தான். அதே ஊர்ல ஸ்போர்ட்ஸ் பைக் விக்கணும்னா சென்னை ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். சொன்ன விலைக்குத்தான் தள்ளிவிடணும்.

இதுல இருந்து ஒரு விதி எடுத்துக்கலாம். விலை நிக்குற சாதா கம்யூட்டர் பைக்ல புதுசுக்கும் பழசுக்கும் பெரிய வித்தியாசம் வராது, அங்க கடனைப் பாருங்க. விலை சீக்கிரம் விழுற பெரிய பைக்ல முதல் ஓனரா இருக்காதீங்க. விழுந்து முடிஞ்சப்புறம் ரெண்டாவது ஓனரா வாங்குங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் இப்போதைக்கு இந்த ரெண்டாவது வகைதான். விலையில பெரிய பங்கு பேட்டரிக்கு. பழசு வாங்குறவர் பயப்படுறதும் அதுக்குத்தான். பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் பாக்கி, பேர் மாறினா அதுவும் கூடவே மாறுமா, இந்த மூணையும் எழுத்துல பார்க்காம பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. நீங்க மூணு வருஷத்துல மாத்துற ஆளா, பத்து வருஷம் வச்சு ஓட்டுற ஆளா? 1,05,000 ரொக்கத்துக்குப் புதுசு வாங்கி, பத்து வருஷம் ஓட்டி, 20,000-க்கு வித்தா போனது 85,000. 120 மாசத்துக்கு வகுத்தா மாசம் 710 ரூபாய்க்குள்ள. கடைசி வருஷங்கள்ல ரிப்பேர் கூடும்னு சேர்த்தாலும், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பழசு மாத்துறவரோட 1,083-க்கு மேல போறது கஷ்டம். எங்க அப்பா ஒரே வண்டியை 14 வருஷம் ஓட்டினார். எக்செல் ஷீட்டெல்லாம் அவருக்குத் தெரியாது.

வண்டியைப் பார்க்குறது ஒரு வேலை, பேப்பரைப் பார்க்குறது பெரிய வேலை

சரி, செகண்ட் ஹேண்டுன்னு முடிவு பண்ணியாச்சு. வண்டியைக் காலையில போய்ப் பாருங்க, இன்ஜின் ஆறி இருக்கணும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா ஸ்டார்ட்டிங் பிரச்சனை தெரியாது. டயர்ல நாலு இலக்க எண் இருக்கும்: 2322-ன்னா 2022-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்ச டயர். மூணு வருஷ வண்டி 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு மீட்டர் சொல்லுது, ஆனா டயர் தேதி வண்டி தேதியை விடப் புதுசா இருக்குன்னா, ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க. ஃபோர்க்ல ஆயில் கசிவு, ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்குறது, ஃபுட்ரெஸ்ட் ஓரம் தேய்ஞ்சிருக்கிறது எல்லாம் விழுந்த வண்டிக்கு அடையாளம். ஓட்டிப் பார்க்காம வாங்கவே கூடாது. யாரும் அடக்க முடியாத குதிரை மேல ஏறி ஓட்டிக் காட்டினதா தேசிங்கு ராஜா கதை சொல்ற ஊர்ல இதை நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

நம்ம பக்கத்துக்குன்னு தனியா ஒரு சோதனை இருக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையில, திண்டிவனம் பக்கத்துல மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டினது ஞாபகம் இருக்கும். விழுப்புரம் மாவட்டத்துல எத்தனையோ வண்டிகள் தண்ணில நின்னுச்சு. 2023 டிசம்பர்ல சென்னையிலயும் அதே கதை. அந்த வண்டிகள் எல்லாம் வாட்டர் வாஷ், பாலிஷ் போட்டு எங்கயோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. சீட்டைக் கழட்டி அடியில பாருங்க. வயரிங் இணைப்புகள்ல காய்ஞ்ச சேறு, நட்டு போல்ட்ல சீரா துரு, ஹெட்லைட்டுக்குள்ள நீர்க்கோடு தெரிஞ்சா கிளம்பி வந்துடுங்க.

வண்டி சரி இல்லன்னா பத்தாயிரம் போகும். பேப்பர் சரி இல்லன்னா என்ன போகும்னு சொல்ல முடியாது.

எம்-பரிவாகன் ஆப்புல வண்டி நம்பரைப் போட்டா எத்தனாவது ஓனர், எந்த மாசம் பதிவு, இன்ஷூரன்ஸ் எப்போ முடியுது, யார்கிட்டயாவது கடன் பாக்கி இருக்கான்னு வரும். கடன் இருக்குன்னா அதை ஹெச்.பி.ன்னு சொல்லுவாங்க. கடன் முடிஞ்சிருந்தாலும், ஃபைனான்ஸ் கம்பெனி என்.ஓ.சி.யும் 35-ஆம் நம்பர் ஃபார்மும் கொடுத்து ஆர்.டி.ஓ.ல ரத்து பண்ணாத வரைக்கும் அது ஆர்.சி.ல நிக்கும். நின்னா உங்க பேருக்கு மாறாது. இ-சலான் தளத்துல அபராதம் பாக்கியையும் பாருங்க. ஹெல்மெட் போடாம அவர் போனதுக்கு நீங்க கட்டக் கூடாது.

பேர் மாத்துறதுக்கு விக்கிறவர் 29-ஆம் நம்பர் ஃபார்ம்லயும், ரெண்டு பேரும் 30-ஆம் நம்பர் ஃபார்ம்லயும் கையெழுத்துப் போடணும். இங்கதான் நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு குறுக்க வரும். "ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம் தம்பி, நீங்க எப்போ வேணா மாத்திக்கலாம், அவசரமே இல்ல." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம். அடுத்து விக்கும்போது "செகண்ட் ஓனர்"னே காட்டலாம்னு ஒரு கணக்கு வேற.

அந்தக் கணக்கோட மறுபக்கம் இது. வண்டி இன்ஷூரன்ஸோட 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒண்ணு வரும். அது "ஓனர்-டிரைவர்"க்கு. ஓனர்னா ஆர்.சி.ல பேர் இருக்கிறவர். ராத்திரி பதினோரு மணிக்கு திண்டிவனம் ரோட்டுல லாரிக்குப் பின்னாடி ஓட்டிக்கிட்டு வர்ற என் தம்பி, வேற யார் பேர்லயோ இருக்கிற வண்டிய ஓட்டினா அவனுக்கு ஏதாவது ஆகும்போது அந்த 15 லட்சம் சித்திக்கு வராது. ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் விடுறது இதைத்தான்.

விக்கிறவங்களுக்கும் ஆபத்து கம்மி இல்ல. 2018-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. ஒரு கார் பல கை மாறி, கடைசியா வச்சிருந்தவர் கையில விபத்து ஆகுது. பதிவுல யார் பேர் இருந்ததோ அவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு முடிஞ்சது. வித்துக் காசு வாங்கி வருஷக்கணக்காச்சேன்னு சொல்லி அவரால தப்பிக்க முடியல. அதனால பழைய வண்டியைக் கொடுத்துட்டுப் புதுசு எடுக்குறவங்களும் எக்ஸ்சேஞ்ச்ல விட்டதோட மறந்துடாதீங்க. ஒரு மாசம் கழிச்சு ஆப்புல பழைய நம்பரைப் போட்டு, உங்க பேர் போயிடுச்சான்னு பாருங்க.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். தேர்ட் பார்ட்டி தானா கூட வந்துடும். வண்டி சேதத்துக்கான பகுதி நீங்க கேட்டாத்தான் மாறும். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் வராது. அது வண்டிக்கு இல்ல, பழைய ஓனருக்கு. அவர் அதைப் புது வண்டிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடலாம். விக்கிற பக்கம் இருந்தா மறக்காம கேட்டு வாங்குங்க, சும்மா விடுற காசு அது.

பாண்டி வண்டி

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இந்தப் பேச்சு வராம இருக்காது. "பாண்டி வண்டி, பதினஞ்சாயிரம் கம்மி." பி.ஒய். நம்பர் வண்டி விலை கம்மியா இருக்கிறதுக்குக் காரணம், அது தமிழ்நாட்டு வரி கட்டாத வண்டி. இங்க வச்சு 12 மாசத்துக்கு மேல ஓட்டினா புதுச்சேரி ஆர்.டி.ஓ.ல என்.ஓ.சி. வாங்கி, இங்க மறுபதிவு பண்ணி, வண்டி வயசுக்குத் தகுந்த வரி கட்டி, டி.என். நம்பர் வாங்கணும். ரெண்டு ஊர் ஆபீஸுக்கும் லீவு போட்டு அலையணும். இது எல்லாத்தையும் கூட்டி, அந்தப் பதினஞ்சாயிரத்துல எவ்வளவு மிச்சம்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேர் மாத்தாம அப்படியே ஓட்டுறாங்க. விக்கும்போது, அவங்க அன்னிக்கு வாங்கின அதே தள்ளுபடிக்கு மேலயே தள்ளுபடி கொடுத்து விக்கிறாங்க.

மறுபடி தம்பிக்கு வருவோம். கன்சல்டிங்ல பார்த்த 60,000 வண்டி நம்பரை ஆப்புல போட்டான். ஹெச்.பி. இன்னும் ரத்தாகல. கேட்டதுக்கு "அடுத்த வாரம் வந்துடும்"னாங்க. வந்தப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டான். அந்த வாரமே வேற ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிட்டார். அவனுக்கு வருத்தம்தான். எனக்கு எதிர்ல சொல்லல, சித்தி சொன்னாங்க.

அப்புறம் உக்காந்து பணத்தைப் பிரிச்சோம். 35,000 சேமிப்புல 20,000 அவசரத்துக்கு, தொடக் கூடாது. மிச்சம் 15,000. டியூ கட்டுறதா இருந்தா மாசம் 2,889 போகும், ஓடுற 800 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 1,500 ஆகும். ரெண்டையும் சேர்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு, மாசம் 5,000 ஆர்.டி. போட்டா 70,000 சேர பதினோரு மாசம் ஆகும். அவ்வளவு நாள் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு யார் பைக்லயாவது தொத்திக்கிட்டு வரணும். சித்தி, "என் செயினை பேங்க்ல வச்சு முப்பதாயிரம் வாங்கிக்கடா"ன்னாங்க. நகைக்கடன் வட்டி ஷோரூம் ஃபைனான்ஸை விட நிச்சயமா கம்மி. 30,000-க்கு 10 சதவீதம்னே வச்சாலும் ஒரு வருஷத்துக்கு 3,000-க்கு மேல போகாது, நடுவுல கட்டக் கட்ட இன்னும் குறையும். அப்போ அஞ்சு மாசத்துல வண்டி எடுத்துடலாம். எனக்கு நகையை வைக்கிறதுல முழு சம்மதம் இல்ல. ஆனா 24,000 வட்டிக்கு எதிர்ல 3,000-ஐ வச்சுக்கிட்டு, நான் என்னன்னு மறுக்குறது?

இப்போதைக்கு ரெண்டு ஆர்.டி. தவணை கட்டியிருக்கான். திண்டிவனம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர் பொங்கல் கழிச்சு தன்னோட வண்டியைக் கொடுக்கப் போறாராம். முதல் ஓனர், டி.என்.16, ஹெச்.பி. இல்ல. ஆப்புல பார்த்துட்டுத்தான் எனக்கு போன் பண்ணினான். இந்தத் தடவை போட்டோ அனுப்பல, ஆர்.சி. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்.